உண்டும் பட்டினி: ஒரு மருத்துவ வாதத்தின் வரலாறு

1881ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே, மூளை நோய்கள் பற்றிய தம் பாடநூலில் மூன்று நோயாளிகளைப் பதிவு செய்தார். கண்ணசைவு தடைப்பட்டு, நடை தள்ளாடி, அறிவு குழம்பி மூவரும் இறந்தனர். இருவர் மிதமிஞ்சிக் குடித்த ஆண்கள். மூன்றாமவர் ஓர் இளம் தையற்காரப் பெண். கந்தக அமிலத்தை விழுங்கியதால் இரைப்பை சிதைந்து, இடைவிடாது வாந்தியெடுத்து வந்தவர். ஆக, மூவருக்கும் பொதுவானது மது அன்று. உடலில் சேராமற்போன உணவே. ‘வைட்டமின்’ என்ற சொல்லே பிறவாத அக்காலத்தில் இத்தடயத்தின் பொருள் யாருக்கும் விளங்கவில்லை.

அவர்களுக்குக் குறைந்திருந்த சத்தின் பெயர் தயமின். ஜாவாவில் 1926இல் அது அரிசித் தவிட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 1936இல் செயற்கையாகவும் ஆக்கப்பட்டது. வைட்டமின்களின் புகழ் ஓங்கிய அந்நாளில், குடிப்போரின் கல்லீரல் கெடுவதற்கும் உணவுக்குறையே காரணம் என்ற கருத்து வலுத்தது. 1941இல் நியூயார்க்கில் பேட்டக், போஸ்ட் இருவரும் ‘சிரோசிஸ்’ என்னும் கல்லீரல் சுருக்க நோயாளிகளுக்குச் சத்துணவும் பி வைட்டமின்களும் அளித்து நற்பயன் கண்டனர். 1949இல், இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்கேற்ற சார்லஸ் பெஸ்டின் குழுவினர், எலிச் சோதனைகளைக் கொண்டு, கல்லீரலுக்கு மது சர்க்கரையைவிடக் கொடிய நஞ்சன்று என வாதிட்டனர். ‘நன்றாக உண்டால் குடித்தாலும் கேடில்லை’ என்னும் எண்ணத்துக்கு அறிவியலே சான்றளித்ததுபோல் ஆயிற்று.

அதனை இரு ஆய்வுகள் அசைத்தன. 1970இல் நியூஜெர்சியில் கேரல் லீவியின் குழுவினர், கதிரியக்கக் குறியிட்ட தயமினை, உடல் மெலிந்த குடிநோயாளிகளுக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்தனர். குடல் அதனை மிகக் குறைவாகவே உறிஞ்சியது. அதே பத்தாண்டில் சார்லஸ் லீபர், பபூன் குரங்குகளுக்குச் சத்துணவோடு மதுவும் அளித்தார். உணவில் குறையின்றியும் சில குரங்குகளுக்குக் கல்லீரல் சுருக்கம் உண்டாயிற்று.

மதுவா, உணவுக்குறையா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்திய கேள்வியே பிழையானது என்பது இவற்றால் புலப்பட்டது. மது கல்லீரலை நேரே தாக்குகிறது. குடலில் தயமின் நுழையும் வழியையும் குறுக்குகிறது. நலிந்த கல்லீரல் போதிய பித்தநீரைத் தராதபோது கொழுப்பும், அதில் கரையும் ஏ, டி, இ, கே வைட்டமின்களும் சரிவர உறிஞ்சப்படுவதில்லை. உட்சென்ற சிறிதளவையும் சேமித்துவைக்க அக்கல்லீரலுக்கு வலுவில்லை.

‘கறியும் முட்டையும் தின்றுவிட்டுக் குடித்தால் ஒன்றும் செய்யாது’ என்ற பேச்சு இன்றும் நம்மிடையே உண்டு. அறிவியல் அதனைக் கைவிட்டு அரை நூற்றாண்டாகிறது. நோய் முற்றி வருபவருக்கு மருத்துவர்கள் மாத்திரையை நம்பியிராமல் தயமினை ஊசிவழி செலுத்துவதும் இவ்வரலாறு கற்பித்த பாடமே. குடியை நிறுத்தாதவரை, நிறைந்த இலையின் முன் அமர்ந்தும் அவ்வுடல் பட்டினியே கிடக்கும்.