தூதுவன் வீட்டுக் கவிஞர்

"பேரரசு ஒன்றின் சீருடையை அணிந்தவருடைய பாட்டை நாங்கள் ஏன் படிக்க வேண்டும், சேர்?" எங்கள் கல்லூரியில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஒருநாள் இவ்வாறு கேட்டான். உடனே விடைசொல்ல எனக்கு இயலவில்லை. ஜோர்ஜிய நாட்டுச் சவ்சவாட்சே குடும்பத்தின் கதையே என் நினைவுக்கு வந்தது. அதனை இன்று, நேயர்களே, உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

கொக்கேசிய மலைகளுக்குத் தெற்கே, பாரசீகத்துக்கும் துருக்கிக்கும் இடையே அல்லற்பட்ட கிறிஸ்தவ நாடு ஜோர்ஜியா. அதன் கிழக்குப் பகுதியை ஆண்ட இரண்டாம் எரெக்லே மன்னன், 1783 இல் ருஷ்யாவின் பாதுகாப்பை நாடி கியோர்கியெவ்ஸ்க் உடன்படிக்கையைச் செய்தான். மன்னன் சார்பிற் கையொப்பமிட்ட இருவருள் ஒருவர் கார்செவன் சவ்சவாட்சே. 1795 இல் பாரசீகத்து ஆகா முகம்மது கான் திபிலிசி நகரைச் சூறையாடியபோது ருஷ்யப் படை காக்க வரவில்லை. 1801 இலோ, அந்த அரியணையையே ருஷ்யா இல்லாதொழித்தது. காவலுக்கு அழைக்கப்பட்டவன் வீட்டுக்காரனானான்.

கார்செவனின் மகன் அலெக்சாந்தர் 1786 இல் பீற்றர்ஸ்பேர்க்கிற் பிறந்தவர். பேரரசி இரண்டாம் கத்தரீனே அவருடைய ஞானத்தாய். ஆயினும் 1804 இல், பதினெட்டு வயதில், ருஷ்யாவுக்கு எதிரான மலைநாட்டுக் கிளர்ச்சியில் இளவரசர் பர்னவாசுடன் சேர்ந்து பிடிபட்டார். மன்னிப்புக் கிடைத்தபின் அதே பேரரசின் படையில் அதிகாரியானார். 1812 இல் தமது சொந்த மண்ணாகிய ககேத்தியில் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, அதனை அடக்கிய படையில் அவரும் இருந்தார். 1814 இல் வெற்றிப் படைகளோடு பரிஸ் நகருள் நுழைந்தார். 1832 இல் ஜோர்ஜியப் பிரபுக்களின் சதி வெளிப்பட்டபோது மீண்டும் நாடுகடத்தல், மீண்டும் மன்னிப்பு. ஈற்றில் லெப்டினன்ட் ஜெனரல் பதவி.

இவரே ஜோர்ஜிய மொழியில் மனோரதியக் கவிதைக்கு வழிதிறந்தவர். சினந்தாலியில் இருந்த அவருடைய மாளிகை இலக்கியக்காரரின் கூடலாக விளங்கியது. மகள் நினோவை 1828 இல் ருஷ்ய நாடகாசிரியர் கிரிபொயேதொவ் மணந்தார். அடுத்த ஆண்டே, தூதுவராகச் சென்ற அவரைத் தெஹ்ரானில் ஒரு கும்பல் கொன்றது. பதினாறு வயதில் விதவையான நினோ மறுமணம் செய்யவேயில்லை.

1846 இல் அலெக்சாந்தர் மறைந்தார். 1854 இல், ருஷ்யரோடு போரிட்ட இமாம் ஷாமிலின் வீரர் சினந்தாலி மாளிகையைச் சூறையாடி, அவருடைய மருமகள் அன்னாவையும் பிள்ளைகளையும் சிறைகொண்டு சென்றனர். கைக்குழந்தை ஒன்று வழியிலேயே இறந்தது. மறு ஆண்டு, 40,000 வெள்ளி ரூபிளும் ஷாமிலின் மகன் ஜமாலுத்தீனும் கைமாறிய பின்னரே அவர்கள் மீண்டனர். 1839 இற் பணயமாகக் கொண்டுசெல்லப்பட்ட அந்த மகனும் ருஷ்யச் சீருடையிலேயே வளர்ந்தவன். தந்தையின் மலைக்குத் திரும்பியவன் 1858 இல் இறந்துபோனான்.

இவற்றையெல்லாம் மாணவனுக்குச் சொன்னேன். "படைக் கட்டளையை ருஷ்ய மொழியிற் பெற்றவர், காதலையும் துயரையும் ஜோர்ஜிய மொழியிற் பாடினார். சீருடையை மறைத்துவிட்டுப் படிக்காதே, சீருடையைக் கண்டு படியாமலும் விடாதே" என்றேன்.

அவன் சற்றுநேரம் பேசாதிருந்தான். பின்னர், "1812 இல் ககேத்தியிலே செத்தவனுடைய மகன் அந்தப் பாட்டைப் படித்திருப்பானா, சேர்?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியையும் கூட வைத்துக்கொண்டுதான் அக்கவிதைகளைப் படிக்கவேண்டும் என்று இப்போது எண்ணுகின்றேன்.