வருதிசை மதிப்பீடு

வருதிசை மதிப்பீடு என்பது, பல உணரிகளைக் கொண்ட ஒரு வரிசையை வந்தடையும் அலைகள் எத்திசையிலிருந்து வருகின்றன என்பதைக் கணித்தறியும் முறை ஆகும். ராடார், சோனார், வானொலி வானியல், நிலநடுக்கவியல், செல்பேசித் தொடர்பு ஆகிய துறைகளில் இது பயன்படுகிறது. உணரிகள் அலைவாங்கிகளாகவோ ஒலிவாங்கிகளாகவோ நிலநடுக்கமானிகளாகவோ இருக்கலாம், கணிதம் ஒன்றே. இக்கட்டுரையில் 'வரிசை' என்பது உணரிகளின் தொகுதியையும், 'அணி' என்பது கணிதத்தில் வரும் அணியையும் குறிக்கும்.

அடிப்படை

தொலைவிலிருந்து வரும் அலை, வரிசைக்கு நேர்முன்னிருந்து வந்தால் எல்லா உணரிகளையும் ஒரே நேரத்தில் அடையும். சாய்ந்து வந்தால் அடுத்தடுத்த உணரிகளைச் சற்றுத் தாமதமாக அடையும். இத்தாமதம் கட்ட வேறுபாடாக அளக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, உணரிகள் அரை அலைநீள இடைவெளியில் இருக்க, அலை 30 பாகை சாய்ந்து வந்தால், பாதை வேறுபாடு கால் அலைநீளம். கட்ட வேறுபாடு 90 பாகை. இடைவெளி அரை அலைநீளத்தை மிஞ்சினால் இரு வேறு திசைகள் ஒரே கட்ட வேறுபாட்டைத் தரக்கூடும்.

பிரிதிறன்

தாமதங்களை ஈடுசெய்து குறிகைகளைக் கூட்டி, ஆற்றல் மிகும் திசையைத் தேடுவதே பழைய முறை. அரை அலைநீள இடைவெளியில் 10 உணரிகள் இருந்தால் இதன் கற்றை அகலம் ஏறத்தாழ 10 பாகை. அதனினும் நெருங்கிய இரு மூலங்கள் பொதுவாக ஒன்றாகவே தெரியும்.

1969 இல் கேப்பன் வெளியிட்ட தகவமைப்பு முறையில், தேடும் திசையின் குறிகை மாறாமலும் பிற ஆற்றல் இயன்றவரை குறையுமாறும் உணரிகளின் எடைகள் தரவிலிருந்தே கணிக்கப்படுகின்றன. அமெரிக்காவின் மொன்டானாவில், நிலத்தடி அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டறியும் நோக்கில் அமைக்கப்பட்ட நிலநடுக்கமானி வரிசைக்காக இது உருவானது.

1979 இல் ரால்ஃப் சிமிட் முன்வைத்த 'மியூசிக்' படிமுறை வேறு வழியில் செல்கிறது. உணரித் தரவின் இணைமாறுபாட்டு அணியில், பெரிய ஐகென் மதிப்புகளுக்குரிய திசையன்கள் குறிகையையும், எஞ்சியவை இரைச்சலையும் சார்ந்தவை. ஒரு திசைக்குரிய கட்ட வேறுபாடுகளின் திசையன், இரைச்சல் திசையன்கள் அனைத்துக்கும் செங்குத்தாக அமைந்தால் அத்திசையில் மூலம் உண்டு. தரவு போதுமானதாகவும் இரைச்சல் குறைவாகவும் இருந்தால், கற்றை அகலத்தை விட நெருங்கிய மூலங்களும் பிரிந்து தெரியும். பின்னர் ராய், கைலாத் ஆகியோர் உருவாக்கிய 'எசுப்பிரிட்' முறை, எல்லாத் திசைகளிலும் தேடாமலேயே கோணங்களை நேரடியாகத் தருகிறது.

வரம்புகள்

மியூசிக் முறையில் மூலங்களின் எண்ணிக்கை உணரிகளை விடக் குறைவாக இருக்க வேண்டும். அவ்வெண்ணிக்கையை முன்னரே மதிப்பிடவும் வேண்டும். உணரிகளின் இடத்திலோ அளவீட்டிலோ உள்ள சிறு பிழையும் விடையைக் கெடுக்கும். இவற்றினும் பெரிய இடர் எதிரொளிப்பு ஆகும். நகரில் நேரடி அலையும் கட்டடத்தில் பட்டுத் திரும்பும் அலையும் ஒரே குறிகையின் படிகள். அணியில் அவை ஒரே மூலமாகக் கலந்துவிடுவதால், கிடைக்கும் திசை இரண்டில் எதுவும் அன்று. வரிசையை ஒன்றன்மேல் ஒன்று படியும் சிறு வரிசைகளாகப் பகுத்து, அவற்றின் அணிகளைச் சராசரி எடுத்து இதைச் சரிசெய்யலாம் என்பதை சான், வாக்சு, கைலாத் ஆகியோர் 1985 இல் காட்டினர். ஆனால் அப்போது பயன்படும் வரிசையின் நீளம் குறைவதால், பிரிதிறனும் ஓரளவு குறையும்.