மாமன் மச்சான் முதலீடு: திருப்பூர் வட்டாரமும் சமூகக் கோட்பாடுகளும்

1853-இல் ‘நியூயார்க் டெய்லி ட்ரிப்யூன்’ இதழில் கார்ல் மார்க்ஸ் இந்தியாவைப் பற்றி ஒரு கணிப்பை எழுதினார். ரயில் வரும், அதன் பின்னே ஆலைத்தொழில் வரும், சாதிக்கு அடித்தளமான பரம்பரைத் தொழில் பிரிவினை கரைந்துபோகும் என்றார். கொங்கு நாட்டுக்கு ரயிலும் வந்தது, நூற்பாலையும் வந்தது, பனியன் கம்பெனியும் வந்தது. பரம்பரைத் தொழில் பெருமளவு கரைந்தது. சாதி கரையவில்லை. இந்த முரணைச் சுற்றியே, அரை நூற்றாண்டுக்கும் மேலாக, இவ்வட்டாரத்தைப் பற்றிய சமூக ஆய்வு நகர்ந்திருக்கிறது.

1960-களின் நடுவில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தவர் பிரெண்டா பெக். 1972-இல் வெளிவந்த அவருடைய நூல், கொங்குச் சமூகத்தை வலங்கை, இடங்கை என்ற பழைய பிரிவின் வழியே விளக்கியது. நிலத்தோடு பிணைந்த சாதிகள் ஒரு பக்கம், கைவினையும் வணிகமும் செய்த சாதிகள் மறுபக்கம். கோயில் முறை, சோறு வாங்கும் முறை, பெண் எடுக்கும் முறை எல்லாம் அதில் நுணுக்கமாகப் பதிவாகியுள்ளன. ஆனால் தோட்டத்துக் கிணறுகளில் கமலை போய் மின்மோட்டார் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. ஒழுங்கைத் தேடிய அன்றைய மானுடவியலுக்கு இந்த அசைவு ஓரத்தில்தான் தெரிந்தது.

அசைவு கண்ணை உறுத்தும் அளவுக்கு வளர்ந்தது ஏற்றுமதிக் காலத்தில். 1970-களின் பிற்பகுதியில் இத்தாலிய வணிகர்கள் பனியன் வாங்கத் திருப்பூருக்கு வந்தனர். சில ஆண்டுகளில் கோட்பாடும் அங்கிருந்தே வந்தது. ஆல்ஃப்ரட் மார்ஷல் 19-ஆம் நூற்றாண்டில் பேசிய ‘தொழில் வட்டாரம்’ என்ற கருத்தை ஜியாகோமோ பெக்காத்தினி இத்தாலியச் சிறுநகரங்களை வைத்துப் புதுப்பித்திருந்தார். சிறு நிறுவனங்கள் ஒரே ஊரில் கூடி, ஒன்றையொன்று நம்பி, பெரிய ஆலைகளோடு போட்டி போடும் என்பது அதன் சாரம். திருப்பூர் அப்படியொரு வட்டாரமாக உருவாகிறதா என்று பத்மினி சுவாமிநாதனும் ஜெ. ஜெயரஞ்சனும் 1994-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வறிக்கையில் கேட்டனர். பமேலா காத்தோர்ன் இந்தத் தொழிலை அமீபாவோடு ஒப்பிட்டார். முதலாளி ஒரே கம்பெனியைப் பெருக்குவதில்லை. நிட்டிங், கட்டிங், தையல் எனப் பல சிறு கம்பெனிகளாகப் பிரித்துக்கொள்கிறார். இந்த ஒப்புமையில் ஒரு கூர்மை உண்டு. கம்பெனி பிரியும்போது தொழிலாளியும் பிரிந்துபோகிறார், சங்கமும் வலுவிழக்கிறது.

ஷரத் சாரி 2004-இல் வெளியிட்ட நூல் வேறு கேள்வியை எழுப்பியது. காடு தோட்டத்தில் வேலை செய்து, பிறகு பனியன் கம்பெனியில் கூலிக்கு நின்ற கவுண்டர்கள் பலர் முதலாளிகளானது எப்படி? அவர்களிடம் கேட்டபோது கிடைத்த பதில் ‘உழைப்பு’. சாரி அந்தப் பதிலை ஏற்கவுமில்லை, தள்ளவுமில்லை. உழைப்பு என்ற பேச்சே எப்படி மூலதனமாகிறது, யாருடைய உழைப்பு அப்படிப் பேசப்படுவதில்லை என்று தொடர்ந்து கேட்டார். பெண்களும் தலித்துகளும் அதே அளவு உழைத்தார்கள். அது கம்பெனியாக மாறவில்லை.

ஏன் மாறவில்லை என்பதற்கு, அதே 2004-இல் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் வெளியிட்ட கட்டுரையில் பாதி விடை இருக்கிறது. திருப்பூரில் கவுண்டர் முதலாளிகள் அதிக முதலோடு தொழில் தொடங்கினர். வெளியாட்கள் குறைந்த முதலோடு தொடங்கியும் வேகமாக வளர்ந்தனர். ஆக, பணம் திறமையைத் தேடிப் போகவில்லை, உறவைத் தேடிப் போனது. பங்காளி, மாமன், மச்சான் என்ற வலையில்தான் கடன் ஓடியது. தொழில் வட்டாரக் கோட்பாடு ‘நம்பிக்கை’ என்று பாராட்டியது பெரும்பாலும் இதைத்தான்.

இந்த வலைக்கு வெளியே நின்றவர்களை ஆய்வு கவனித்தது கிராமங்களுக்குத் திரும்பியபோதுதான். ஜூடித் ஹையர் 1980-களின் தொடக்கத்தில் பார்த்த கோவைப் பக்கத்துக் கிராமங்களுக்கே பிறகும் திரும்பச் சென்று, தொழில் வளர்ந்தும் தலித்துகள் பின்தங்கியதைக் காட்டினார். கிரேஸ் கார்ஸ்வெலும் கியர்ட் டி நீவும் திருப்பூர் வட்டாரத்தில் இரண்டு கிராமங்களை ஒப்பிட்டனர். ஒன்றிலிருந்து தலித் இளைஞர்கள் தினமும் பனியன் கம்பெனிக்குப் போய்வந்தனர், பண்ணையாரின் பிடி தளர்ந்தது. மற்றொன்றில் அருந்ததியர்கள் விசைத்தறிப் பட்டறையில் வாங்கிய அட்வான்ஸில் சிக்கிக் கிடந்தனர். ஒரே தொழில் வளர்ச்சி, சில கிலோமீட்டருக்குள், ஒருவரை விடுவித்து இன்னொருவரைக் கட்டிப்போட்டது.

பிடி தளராத இன்னோர் இடம் திருமணம். 2016 மார்ச் 13 அன்று இதே வட்டாரத்தின் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், சாதி மாறி மணந்த ஒரு தலித் மாணவர் மனைவியின் கண்ணெதிரே வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தக் கண்காணிப்புக் கேமரா காட்சியை நாடே பார்த்தது. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் அவர்களில் ஒருவரை விடுவித்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. கடைத்தெருவும் கல்லூரியும் கம்பெனி பஸ்ஸும் எல்லாச் சாதியினரையும் கலந்துவிட்ட ஊரில் இது நடந்தது.

இதை விளக்க மார்க்ஸின் கணிப்பு உதவாது. உதவுவது 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் வாசித்த கட்டுரை. சாதியின் உயிர்நாடி தொழிலில் இல்லை, அகமணத்தில் இருக்கிறது என்று இருபத்தைந்து வயதில் அவர் நிறுவினார். தொழில் மாறினாலும் மணவட்டம் மாறாதவரை சாதி நீடிக்கும் என்பதே அதிலிருந்து பெறப்படும் முடிவு. 2011-12 இந்திய மனித வளர்ச்சி ஆய்வில் சாதி மாறிய திருமணங்கள் ஏறத்தாழ 5 சதவீதம்தான்.

தொழிலைப் பற்றிய ஆய்வும் திருமணத்தைப் பற்றிய ஆய்வும் பெரும்பாலும் தனித்தனித் துறைகளாகவே நடந்துவந்திருக்கின்றன. திருப்பூரின் கடன் வலையும் மணவலையும் ஒன்றே என்றால், ஒன்றை விட்டு மற்றொன்றைப் படிக்க முடியாது. இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் கம்பெனி விடுதிகளில் தங்கித் தைக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுத வருபவர், கூலியோடு சேர்த்து, அவர்கள் யாரிடம் கடன் வாங்குகிறார்கள், எங்கே பெண் எடுக்கிறார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும்.