ஆறாப் புண்ணில் எழும் புற்று: வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் நோயெதிர்ப்புச் சிகிச்சை

2018 செப்டம்பரில் அமெரிக்காவில் செமிப்ளிமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்து அனுமதி பெறும்வரை, முற்றிய தோல் செதிள் செல் புற்றுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து கிடையாது. அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில், புற்று பரவியிருந்த 59 பேரில் 28 பேருக்குக் கட்டி சுருங்கியது. 2022இல் வெளியான இன்னோர் ஆய்வில், அறுவைக்கு முன்பே இம்மருந்தைப் பெற்ற 79 பேரில் 40 பேரின் வெட்டியெடுத்த திசுவில் புற்றுச் செல்லே எஞ்சவில்லை. அரிய வெற்றிதான். ஆனால் அந்த விகிதங்களை அப்படியே வேலூருக்கும் ஆம்பூருக்கும் பொருத்துவது தவறு என்பது என் வாதம்.

வெளிர்தோல் மக்களிடம் இப்புற்றைப் பெரும்பாலும் வெயில் உண்டாக்குகிறது. புற ஊதாக் கதிர் பல்லாண்டுகளாக மரபணுவில் பிறழ்வுகளைக் குவிக்கிறது. அவற்றால் உருவாகும் வேற்றுப் புரதங்களை டி செல்கள் அடையாளம் காண்கின்றன. பிடி-1 என்னும் தடையை மருந்து நீக்கியதும் அச்செல்கள் கட்டியைத் தாக்குகின்றன. பிறழ்வு மிகுந்திருப்பதே மருந்துக்குப் பிடிமானம்.

நம் நோயாளிகளில் பலருக்கு இப்புற்று தீக்காயத் தழும்பிலும் ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணிலும் எழுகிறது. வேலூர் மருத்துவம் இதை நெடுங்காலமாக அறியும். அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகால்களைச் சீரமைத்த மரபில் வளர்ந்தது வேலூரை அடுத்த கரிகிரி தொழுநோய் மருத்துவமனை. தொழுநோயாளிகளின் பாதப் புண்ணில் தோன்றும் செதிள் செல் புற்றை நோயியலறிஞர் சி.கே. ஜோப் 1960களிலேயே ஆராய்ந்தார். உள்ளங்காலில் வெயில் படுவதில்லை; எனவே வெயில் குவிக்கும் பிறழ்வுகளை அங்கே எதிர்பார்க்க முடியாது. தழும்பில் இரத்த நாளமும் நிணநாளமும் குறைவு என்பதால் டி செல்கள் கட்டியை எட்டுவதும் கடினமாகலாம். இத்தகைய கட்டியில் மருந்து அதே அளவு பலிக்கும் என்று முன்கூட்டியே கொள்ள முடியாது.

தோல் பதனிடும் ஆலைகள் நிறைந்த இவ்வட்டாரத்தில் தோல் புற்று என்றதும் அவற்றைச் சுட்டுவது இயல்பு. அவற்றின் கழிவால் பாலாற்றுக்கு நேர்ந்ததை 1996இல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. அந்தக் கோபம் நியாயமானது. இருந்தும் காரணங்களைப் பிரித்தறிய வேண்டும். பதனிடப் பயன்படுவது மூவிணைதிறக் குரோமியம். வேறு வடிவமான அறுவிணைதிறக் குரோமியமோ தோலில் குழிப்புண்ணையும் நுரையீரலில் புற்றையும் தரும். தோல் பதனிடும் தொழிலைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, வகைப்படுத்தப் போதிய சான்றில்லாத மூன்றாம் பிரிவில்தான் வைத்தது. ஆர்சனிக்கோ ஐயத்துக்கிடமின்றித் தோல் புற்றைத் தருவது. மயிர் நீக்கும் சுண்ணாம்புக் கலவையில் ஆர்சனிக் சல்பைடு சேர்ந்த காலமும் உண்டு. எனவே முதிய தொழிலாளியிடம் குரோமியத்தைப் பற்றி மட்டும் கேட்டால் போதாது. சுண்ணாம்புக் குழியில் எத்தனை ஆண்டு நின்றார் என்றும் கேட்க வேண்டும்.

விலை அடுத்த தடை. இங்கே மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஒரு வழி காட்டியுள்ளது. முற்றிய தலை, கழுத்துப் புற்று நோயாளிகள் 151 பேரிடம் நடந்த ஆய்வில், வாய்வழி மருந்துகளோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இதே பிடி-1 தடையை நீக்கும் நிவோலுமாப் மருந்தை வெறும் 20 மி.கி. சேர்த்தபோது, ஓராண்டு உயிர்வாழ்வு 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தது. வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மி.கி. தலை, கழுத்துப் புற்றுகளும் பெரும்பாலும் செதிள் செல் புற்றுகளே. ஆனால் தோலில் எழுந்தவை அல்ல. ஆகவே அந்த முடிவை இரவல் வாங்காமல், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் கரிகிரியும் சேர்ந்து குறைந்த அளவு மருந்தை இம்மண்ணின் நோயாளிகளிடமே சோதிக்க வேண்டும். தழும்பில் எழுந்தது, வெயிலில் எழுந்தது, ஆர்சனிக்கால் எழுந்தது என ஒவ்வொரு கட்டியின் மூலமும் பதிவாக வேண்டும். கால் துண்டிப்பு ஒன்றே வழி என்று நோயாளியிடம் சொல்லுமுன், அறுவைக்கு முந்திய சில தவணை மருந்து அந்தக் காலைக் காக்குமா என்பதே அச்சோதனையின் முதல் கேள்வியாக இருக்கட்டும்.