வேலியில் முளைத்த ரோஜா

ஸ்ரீரங்கத்தில் எங்கள் மொட்டைமாடியில் மூன்று ரோஜாத் தொட்டிகள் இருந்தன. ஒன்று அம்மாவின் பன்னீர் ரோஜா. இரண்டாவது, மாலைக்கு வைத்துக் கட்டுவார்களே, அந்த ஆந்திர சிவப்பு. மூன்றாவது நான் ஆசைப்பட்டு நர்சரியில் வாங்கிய மஞ்சள் ஹைபிரிட்.

பன்னீர் ரோஜா காலையில் பூத்தால் மாடிப்படி வரைக்கும் மணக்கும். சாயங்காலம் தொட்டால் இதழெல்லாம் கையோடு வந்துவிடும். ஆந்திர சிவப்பு இரண்டு நாள் தாங்கும், மணம் கொஞ்சம்தான். மஞ்சள் பூ ஒரு வாரம் செடியிலேயே நிற்கும். ஃபோட்டோவுக்கென்றே பிறந்த பூ. மூக்கை வைத்தால் ஒன்றுமே இல்லை.

ஐப்பசி மழை பிடித்தது. பத்தே நாளில் மஞ்சள் செடியின் இலைகளில் கரும்புள்ளி விழுந்து, பழுத்து, உதிர்ந்து, வெறும் குச்சி மட்டும் நின்றது. பக்கத்திலிருந்த பன்னீர் ரோஜாவிலும் நாலைந்து இலைகளில் புள்ளி வந்தது. அது பாட்டுக்குத் தளிர் விட்டுக்கொண்டிருந்தது.

"நாட்டு ரோஜாடா. நம்ம மண்ணுது. அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள் அம்மா.

அந்த மார்கழியில் துறையூர் வழியாகப் பச்சைமலை ஏறினோம். செங்காட்டுப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் அதே பன்னீர் ரோஜா, ஆள் உயரத்துக்கு நின்றது. என்ன உரம் போடுகிறீர்கள் என்று கேட்டேன். "உரமா? ஆட்டுப் புழுக்கைதான் தம்பி. இது எங்க மலைச் செடி, தானா வரும்" என்றார் அந்த வீட்டுப் பெரியம்மா. கிளம்பும்போது ஒரு குச்சி ஒடித்துக் கொடுத்தார்.

ஒரே செடி. அம்மாவுக்கு அது காவிரி மண்ணின் பிள்ளை, பெரியம்மாவுக்கு மலையின் பிள்ளை. உண்மையில் அது யாருடைய பிள்ளை என்று தேடியதில்தான் கதை ஆரம்பித்தது.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்குகிறார். ரோஜா அதில் இல்லை. 'ரோசா' என்ற பேரே போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. பன்னீர், அதாவது பனிநீர், நம் சொல்தான்; அந்தப் பன்னீருக்கான பூ வெளியூர்.

நம் தோட்டக்கலைக் கையேடுகளில் இந்தச் செடிக்கு எட்வர்டு ரோஜா என்று பெயர். தாவரப் பெயர் ரோசா போர்போனியானா. போர்போன் என்பது இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவின் பழைய பெயர். பிற்பாடு நம் ஆட்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போனார்களே, அதே தீவு. அங்கே நிலத்துக்கு வேலியாக இரண்டு ரோஜாக்களைச் சேர்த்து நடுவது வழக்கம். ஒன்று டமாஸ்க்: மணம் அதிகம், பூக்கும் காலம் குறைவு. மற்றது சீன ரோஜா: மணம் குறைவு, வருஷம் முழுக்கப் பூக்கும். 1817 வாக்கில் எதுவார் பெரிஷோன் என்பவரின் நிலத்து வேலியில் இரண்டிலும் சேராத ஒரு கன்று தானாக முளைத்திருந்தது. அரசுத் தாவரவியல் தோட்டத்தின் ப்ரேயோன் அதைக் கவனித்து, அதன் விதைகளைப் பாரிஸுக்கு அனுப்பினார். அந்த எதுவார்தான் நம் வாயில் எட்வர்டு. டமாஸ்கின் மணமும் சீனச் செடியின் விடாப்பூப்பும் ஒரே செடியில். யாரும் திட்டமிடவில்லை.

மஞ்சளின் கதை வேறு. ஐரோப்பியத் தோட்ட ரோஜாக்களில் அடர்மஞ்சள் இல்லாமலிருந்தது. லியோன் நகரத்து பெர்னே-துஷே, பாரசீக மஞ்சள் ரோஜாவைக் கொண்டு பல வருஷம் ஒட்டுக் கலப்பு செய்து, 1900-இல் 'சோலே தோர்' என்ற ரகத்தை வெளியிட்டார். இன்றைய மஞ்சள், ஆரஞ்சு ரோஜாக்கள் பெரும்பாலும் அந்த வழி வந்தவை. அந்தப் பாரசீகச் செடியின் தாவரப் பெயர் ரோசா ஃபெடிடா. நாற்றமடிப்பது என்று பொருள். கரும்புள்ளிப் பூஞ்சைக்கு எளிதில் விழும் குணமும் அதற்கு உண்டு. நிறத்தோடு அதுவும் பரம்பரைக்குள் வந்துவிட்டது. பூஞ்சையின் வித்துகள் மழைத்துளி தெறித்துப் பரவும். இலை பல மணி நேரம் ஈரமாகவே இருந்தால் முளைக்கும். ஐப்பசியில் எங்கள் மாடி வேறெப்படி இருக்கும்?

மணம் எங்கே போனது? 2015-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 'பாப்பா மெய்யான்' என்ற வாசனை ரகத்தையும், மணமில்லாத 'ரூஜ் மெய்யான்' ரகத்தையும் ஒப்பிட்டார்கள். ஜெரானியால் என்ற மணப்பொருள் உருவாக உதவும் ஒரு நொதி முன்னதில் மும்முரமாக வேலை செய்கிறது, பின்னதில் ஏறக்குறைய தூங்குகிறது. மணத்தை யாரும் வேண்டுமென்று அழிக்கவில்லை. நிறம், காம்பு நீளம், வாடாமல் நிற்கும் நாட்கள் என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனபோது, முகர்ந்து பார்க்க மறந்துவிட்டார்கள்.

மறக்காதவர்களும் உண்டு. கோதுமையில் துருநோயை எதிர்க்கும் ரகங்களை உருவாக்கிய பி.பி. பால், இந்திய வெயிலுக்கான ரோஜாக்களையும் உருவாக்கினார். ஐ.ஏ.எஸ். பணியை விட்டுக் கொடைக்கானலில் குடியேறிய எம்.எஸ். வீரராகவன், மனைவி கிரிஜாவோடு சேர்ந்து, மணிப்பூர் மலைகளின் ரோசா ஜைஜான்டியா, நீரோரங்களில் வளரும் ரோசா கிளினோஃபில்லா ஆகிய காட்டு ரோஜாக்களை வைத்துக் கலப்பு செய்தார். குளிருக்குப் பழகிய பரம்பரையை வெயிலில் நட்டு மருந்தடிப்பதைவிட, வெப்பத்துக்குப் பழகிய பரம்பரையிலிருந்தே தொடங்கலாம் என்பது அவர் எண்ணம்.

அப்படியானால் அம்மா சொன்ன 'நாட்டு' ரோஜா பொய்யா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பன்னீர் ரோஜா குச்சியாகவே வீடு விட்டு வீடு போகிறது. செத்துப்போன செடியிலிருந்து யாராலும் குச்சி ஒடித்துக் கொடுக்க முடியாது. இங்கே தாங்காதவை கைமாறாமலே நின்றுபோயின. தாங்கியது பச்சைமலை வாசல் வரைக்கும் ஏறிவிட்டது. நாடு என்று அந்தப் பெயரில் இருப்பது பிறந்த இடம் இல்லை, கொடுத்து வாங்கிய கைகள்.

மஞ்சள் செடி இருந்த தொட்டியில் பெரியம்மாவின் குச்சியை நட்டேன். மூன்று வாரத்தில் ஒரு கணுவில் சிவப்பாகத் தளிர் எட்டிப் பார்த்தது. இது ரீயூனியன் தீவுச் செடியாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"இருந்துட்டுப் போகட்டும். வெயில் ஏறுறதுக்குள்ள தண்ணி ஊத்து."