தலைமன்னார் கப்பலும் நம் மலையும்



கிளாவரையில் உட்கார்ந்துகொண்டு வாத்தியார் கப்பலைப் பற்றி எழுதுகிறாரே என்று சிரிக்காதீர்கள். அந்தக் கப்பலுக்கும் நம் மலைக்கும் சம்பந்தம் உண்டு.

1914-க்கு முன்னால் கொழும்புக்குப் போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி போய், அங்கே கப்பல் ஏறினார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. மார்ச் 1-ல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. கடல் தூரம் சுமார் 35 கிலோமீட்டர்தான். எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்பு கோட்டை வரை போகலாம். 'போட் மெயில்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். பின்னாளில் ஓடிய இர்வின், கோஷன் என்ற நீராவிக் கப்பல்களைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள்.

போட் மெயில் என்றால் துரைமாரும் வியாபாரிகளும்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, கங்காணி பின்னால் தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஏழை ஜனங்களும் அதே கடலைத்தான் கடந்தார்கள்.

இலங்கை 1948-ல் சுதந்திரம் பெற்ற கையோடு வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. அந்த ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. திரும்பி வந்தவர்களைச் சுமந்த 'ராமானுஜம்' அந்த வழியில் ஓடிய கப்பல்தான். இலங்கையில் போர் மூண்டதால் 1984-ல் அதுவும் நின்றது.

அரசு ஏட்டில் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. உண்மையில் பலர் பிறந்ததே கண்டி, நுவரெலியா பக்கத்து லயங்களில்தான். பார்த்தேயிராத ஊருக்கு ஒருவர் எப்படித் திரும்ப முடியும்? சிலர் நம் கொடைக்கானல் மலைக்கு வந்து, வாட்டில் மரத்தில் பட்டை உரித்துப் பிழைத்தார்கள். அவர்கள் பிள்ளைகள் உங்களோடு ஒரே பெஞ்சில் படித்தார்கள். 'சிலோன்காரன்' என்ற பட்டப்பெயரும் அவர்களுக்குக் கிடைத்தது.

அந்த வீடுகளில் தாத்தா, பாட்டி யாராவது இருந்தால், எந்த வருஷம் கப்பல் ஏறினார்கள், என்ன கொண்டு வந்தார்கள், யாரை விட்டு வந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். கப்பலின் கணக்கு புத்தகத்தில் இருக்கும். அவர்கள் கணக்கு அவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது.