கணக்கில் வராத களைப்பு

1947-ம் வருடத்தின் கடைசி மாதங்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனை. சிட்னி ஃபார்பர் என்கிற டாக்டர் அங்கே ஒரு விபரீத முயற்சியில் இறங்கியிருந்தார். அடிப்படையில் அவர் பேத்தாலஜிஸ்ட். இறந்துபோனவர்களின் உடலை ஆராய்ந்து, ஏன் இறந்தார்கள் என்று சொல்வது அவர் வேலை. உயிரோடு இருக்கிற நோயாளிகளிடம் உமக்கென்னய்யா வேலை என்று சக டாக்டர்களே முகம் சுளித்தார்கள்.

ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை சில வாரங்களில், மிஞ்சிப் போனால் சில மாதங்களில் இறந்துவிடும். அன்றைக்கு அதுதான் எழுதப்படாத விதி. ஃபார்பர் கையில் ஒரு புது மருந்து இருந்தது. பெயர், அமினோப்டெரின். அதைத் தயாரித்துக் கொடுத்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைவர், நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். கதர் உடுத்திக்கொண்டு போனதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பதில் வெறும் எல்.எம்.எஸ். சர்டிஃபிகேட்டோடு வெளியே வந்த அதே சுப்பாராவ்தான்.

1948 ஜூனில் ஃபார்பர் முடிவை வெளியிட்டார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியிருந்தது. தாற்காலிகமாகத்தான். ஆனாலும் அதுவரை யாரும் பார்த்திராத அதிசயம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பாய்ச்சல். 1962-ல் மெம்ஃபிஸ் நகரில் செயின்ட் ஜூட் மருத்துவமனை திறக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் டொனால்ட் பிங்கல், ஒரு மருந்து போதாது, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்போம், மூளைக்குள் ஒளிந்திருக்கும் நோயைக் கதிர்வீச்சால் பிடிப்போம் என்று கிளம்பினார். அறுபதுகளின் இறுதியில் பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். இன்றைக்குப் பணக்கார நாடுகளில் இந்த வகை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைக்கிறார்கள்.

நான் பி.காம். படித்தவன். வரவு இவ்வளவு பெரிதாக இருந்தால், எதிர்ப் பக்கத்தில் செலவு எவ்வளவு என்று பார்க்கத் தோன்றும். இங்கே செலவைக் கட்டியது யார்? குழந்தைகள்தான். முடி கொட்டியது தெரிந்தது. வாந்தி தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு செலவு மட்டும் வெகுகாலம் கணக்கில் ஏறவே இல்லை. தூக்கமும் களைப்பும்.

டாக்டர்கள் அதைப் பார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்துச் சில வாரங்கள் கழித்து, குழந்தைகள் நாள் முழுக்க அடித்துப் போட்டதுபோலத் தூங்குகிறார்கள் என்று 1973-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். ஆனால் அதை ஒரு விநோதமான பக்கவிளைவாகத்தான் பார்த்தார்கள். தினசரிக் களைப்பு? ‘கேன்சர் வந்தால் களைப்பா இல்லாம என்ன செய்யும்? படுத்துக்க, சரியாயிடும்.’ விஷயம் முடிந்தது.

படுத்தால் சரியாகுமா? ஒரு புற்றுநோய் வார்டின் இரவை யோசித்துப் பாருங்கள். சில கீமோ மருந்துகள் கிட்னியையும் சிறுநீர்ப்பையையும் புண்ணாக்கும். அதைத் தடுக்க ராத்திரி முழுக்க டிரிப்ஸ் ஓடும். டிரிப்ஸ் ஓடினால் குழந்தை அடிக்கடி எழுந்து சிறுநீர் கழிக்க வேண்டும். அதை நர்ஸ் அளக்க வேண்டும். நடுவே டெம்பரேச்சர், பிளட் பிரஷர், ஒரு மாத்திரை. தப்பித் தவறிக் கண் அசந்தால் டிரிப்ஸ் மெஷின் கீக் கீக் என்று கத்தும். கதவு திறக்கும், லைட் எரியும். இதில் எங்கே தூங்குவது? நோயாளியைத் தூக்கத்திலிருந்து எழுப்பாதே என்று ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் நர்ஸுகளுக்கு எழுதி வைத்தது 1859-ல்! சத்தத்துக்கென்றே அந்தப் புத்தகத்தில் தனி அத்தியாயம் உண்டு.

கணக்கைத் திறந்து பார்த்தவரும் ஒரு நர்ஸ்தான். செயின்ட் ஜூட் மருத்துவமனையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பமீலா ஹைண்ட்ஸ். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அவரும் மெர்லின் ஹாக்கன்பெரி என்கிற இன்னொரு நர்ஸும் செய்த காரியம் ரொம்ப எளிமையானது. குழந்தைகளைக் கூப்பிட்டு, ‘களைப்புன்னா உனக்கு எப்படி இருக்கும்?’ என்று கேட்டார்கள். அவ்வளவுதான். பதில்கள் வந்தன. மருந்து மட்டும் காரணமில்லை, ஆஸ்பத்திரிச் சூழலும் தூக்கம் கெடுவதும் கூட எங்களைக் களைப்பாக்குகிறது என்றார்கள் பிள்ளைகள். தூக்கம் மட்டுமில்லாமல், யாராவது பார்க்க வந்தாலும், விளையாடினாலும் களைப்பு குறைகிறது என்றும் சொன்னார்கள்.

கேட்டாயிற்று. அடுத்து அளக்க வேண்டுமே? கைக்கடிகாரம் மாதிரி ஒரு கருவியைக் குழந்தைகளின் மணிக்கட்டில் கட்டினார்கள். அசைவை வைத்துத் தூக்கத்தைக் கணக்கிடும் கருவி. 2007-ல் மூன்று முடிவுகள் வெளிவந்தன.

முதலாவது, டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு பற்றியது. ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் தவிர்க்க முடியாத மருந்து. 100 குழந்தைகளை, மருந்து இல்லாத 5 நாள், மருந்து உள்ள 5 நாள் என்று கவனித்தார்கள். மருந்து நாட்களில் குழந்தைகள் அதிக நேரம் தூங்கினார்கள். களைப்போ, குறைவதற்குப் பதில் கூடியது! படுத்துத் தூங்கினால் சரியாகும் என்ற பழைய சித்தாந்தம் அங்கேயே அடிபட்டுப் போனது.

இரண்டாவது, வார்டு பற்றியது. ராத்திரியில் யார் யார் எத்தனை தடவை அறைக்குள் வந்து போகிறார்கள், குழந்தை எத்தனை தடவை விழிக்கிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். விழிப்பு எக்கச்சக்கமாக இருந்த குழந்தைகளுக்குக் களைப்பும் அதிகம்.

மூன்றாவதுதான் சுவாரசியம். கீமோவுக்காக அட்மிட் ஆன குழந்தைகளில் ஒரு பகுதியினரைச் சைக்கிள் மாதிரி ஒரு கருவியில் தினம் இரண்டு வேளை, அரை மணி நேரம் பெடல் மிதிக்க வைத்தார்கள். மொத்தமே 29 குழந்தைகள் பங்கேற்ற சின்ன ஆய்வு. மிதித்தவர்களுக்கு இரவுத் தூக்கம் மேம்பட்டது. களைத்த குழந்தையை அசையச் சொல்வதா என்று பதறுகிற நமக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆனால் 2018-ல் பல ஆய்வுகளை அலசி வெளியிடப்பட்ட சர்வதேச வழிகாட்டுதலும், களைப்பைக் குறைக்க உடற்பயிற்சியைத்தான் முதலில் பரிந்துரைத்தது. மனதைத் தளர்த்தும் பயிற்சிகளையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. களைப்புக்கென்று வழக்கமாக மாத்திரை கொடுப்பதை வேண்டாம் என்றது.

கவனித்தீர்களா? கோடி ரூபாய் மெஷின் எதுவும் இதில் இல்லை. ஃபார்பரின் மருந்தைக் கண்டுபிடிக்க ஒரு சுப்பாராவ் தேவைப்பட்டார். இதற்குத் தேவைப்பட்டது, குழந்தையிடம் ஒரு கேள்வி. அதைக் கேட்டு, பதிலை எழுதி வைக்க ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது.

உங்கள் வீட்டிலோ, தெரிந்தவர் வீட்டிலோ சிகிச்சையில் இருக்கும் குழந்தை ‘களைப்பா இருக்குப்பா’ என்றால், சோம்பல் என்று நினைக்காதீர்கள். ரத்தம் குறைந்திருக்கலாம், தொற்று இருக்கலாம், வலி இருக்கலாம். டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டிய தகவல் அது. எவ்வளவு நடக்கலாம், எப்போது கூடாது என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டின் கடைசி வேளையை எத்தனை மணிக்குக் கொடுக்கலாம் என்று கேளுங்கள். வார்டில் இருந்தால் நர்ஸம்மாவிடம் இன்னொன்றும் கேட்கலாம்: ‘ராத்திரி ரெண்டு மணிக்கு எடுக்கிற டெம்பரேச்சரை, மூணு மணிக்கு மருந்து போடும்போது சேர்த்து எடுத்துக்க முடியுமா சிஸ்டர்?’

முடியாது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். முடியும் என்றால், பிள்ளைக்கு ஒரு விழிப்பு மிச்சம்.